துணிச்சலான பறவைதான் கெட்டிக்காரப் பறவையா?

ஜனவரி 9, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

அண்ணா, எங்க மொட்டைமாடிக்கு ஏழெட்டு காக்கா வரும். அதுல ஒண்ணு நான் பக்கத்துல நின்னாலும் அசராது, முதல் கவளம் அதுக்குத்தான். இன்னொண்ணு தண்ணித் தொட்டி மேலயே உக்காந்திருந்துட்டு கடைசியா இறங்கும். நேத்து சோத்து மேல ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவுத்து வச்சேன். தைரியக்காரன் சுத்திச் சுத்தி வந்து நாலு கொத்து கொத்திட்டுப் போயிட்டான். கடைசியா வந்தது மூடி விளிம்புல அலகைக் குடுத்துப் புரட்டிடுச்சு. பறவைக்கும் ஆளுக்கு ஆள் குணம் மாறுமா? அந்தக் குணத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டா?

ஜனவரி 9, இரவு

மாறும் தம்பி. இதைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் பட்டாணிக்குருவியை வைத்து வளர்ந்தது. நம் மலைக்காடுகளில் இருப்பது சாம்பல் நிறப் பட்டாணிக்குருவி. ஐரோப்பாவில் இருப்பது அதன் நெருங்கிய உறவு, மஞ்சள் வயிறு கொண்டது. நெதர்லாந்தில் ஒரு சோதனை அறை வைத்திருந்தார்கள். உள்ளே ஐந்து செயற்கை மரங்கள், வேறொன்றும் இல்லை. காட்டில் பிடித்த குருவியை ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலை தனியாக அந்த அறைக்குள் விடுவார்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை பறந்தது, எத்தனை முறை தத்தியது என்று எண்ணுவார்கள். அவ்வளவுதான் சோதனை. சில குருவிகள் ஐந்து மரத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும், சில ஒரே கிளையில் உட்கார்ந்து நோட்டம் விடும். அதே குருவியைப் பல நாள் கழித்துப் பிடித்து மறுபடி விட்டாலும் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே வரும். வேகக்காரன் வேகக்காரனாகவே இருப்பான், நிதானக்காரன் நிதானமாகவே இருப்பான். வேகக்காரர்களைத் தங்களுக்குள்ளும் நிதானக்காரர்களைத் தங்களுக்குள்ளும் இணைசேர்த்து நான்கு தலைமுறை வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வம்சமும் தெளிவாகப் பிரிந்தன. அப்பன் குணம் பிள்ளைக்கு வருகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வேகக்காரப் பறவை புதுப் பொருளை முதலில் தொடும், முதலில் தொடுவதுதான் முதலில் திறக்கும். ஆகத் துணிச்சலும் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்தே போகும். உங்கள் தொட்டிக் காகம் விதிவிலக்காக இருக்கலாம்.

ஜனவரி 10, காலை 5.30

நேற்றிரவு எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பலர் நினைப்பது அதைத்தான். படுத்த பிறகு வைட்டம் காட்டு ஆய்வு நினைவுக்கு வந்து தூக்கம் போய்விட்டது.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைட்டம் என்ற காடு இருக்கிறது. அங்கே பட்டாணிக்குருவிகளை 1947இலிருந்து விடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள். எல்லா கோல் (Ella Cole) என்பவரும் ஜான் குவினும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே குருவியிடம் மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். முதலில், அறைக்குள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது. அடுத்து, தீனிப் புதிரை அவிழ்க்கிறதா. பிறகு காட்டில் விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு குருவிகள் மட்டுமே கொத்தக்கூடிய தீனித் தட்டில் மற்றவற்றோடு மல்லுக்கட்டி எவ்வளவு தின்கிறது.

ஆண் குருவிகளில் வேகக்காரர்கள் தட்டில் ஜெயித்தார்கள், அதில் வியப்பில்லை. புதிரை அவிழ்த்தவர்களோ தட்டில் தோற்றவர்கள்! மல்லுக்கட்டத் தெரிந்ததற்குப் புதிர் வரவில்லை, புதிர் அவிழ்த்ததற்கு மல்லுக்கட்ட வரவில்லை. பந்தியில் இடம் கிடைக்காதவன் தனக்கென்று வேறு வழி தேடிக்கொள்கிறான் என்பதுதான் அவர்கள் படித்த பொருள். ஒன்று உயர்ந்த பறவை, மற்றது தாழ்ந்த பறவை என்று அவர்கள் பிரிக்கவில்லை, இரண்டு பிழைப்பு முறைகள் என்றார்கள்.

உங்கள் தொட்டிக் காகத்தை விதிவிலக்கு என்று சொன்னேனே, அந்த வார்த்தையை எடுத்துவிடுகிறேன்.

ஜனவரி 10, மதியம்

"தீனிப் புதிர் என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒளி ஊடுருவும் குழாய், உள்ளே சின்னத் தட்டில் புழு. தட்டைத் தாங்கும் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குச்சியை உருவினால் தட்டு விழும், புழுவும் விழும். கண்ணுக்குத் தெரிகிறது, நேராகக் கொத்த முடியாது. பல குருவிகள் குழாயையே கொத்திக்கொண்டிருக்கும்.

ஜனவரி 11

அதே காட்டில் இன்னொரு முடிவும் உண்டு, அதுவும் 2012தான். புதிர் அவிழ்க்கும் பட்டாணிக்குருவிகள் அதிகம் முட்டையிட்டன, தீனி தேடச் சின்ன வட்டாரமே அவற்றுக்குப் போதுமாக இருந்தது. இதுவரை கேட்டால் கெட்டிக்காரத்தனம் குஞ்சுகளாகப் பெருகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆபத்து என்று பட்டால் கூட்டை அப்படியே விட்டுப் போய்விடுவதும் அவைதான். ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டில் வைத்துப் பிடித்ததற்கே சில கைவிட்டுப் போயின. முட்டையில் வந்த லாபம் அங்கே போய்விட்டது. மொத்தத்தில் எந்தப் பக்கமும் தராசு சாயவில்லை.

இதைப் படித்து ஒரு நாள் முழுக்க எனக்கு மனசு சரியில்லை. பறவை பார்க்கிறேன் என்று நானும் வருடக்கணக்காகக் கூடுகளின் பக்கம் போயிருக்கிறேன். ஒருமுறை தேன்சிட்டுக் கூடு ஒன்றைப் புகைப்படம் எடுக்கக் கிளையைக் கொஞ்சம் விலக்கினேன். இரண்டு நாளில் கூடு காலியாகிவிட்டது. என்னால்தான் என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதன்பிறகு கூட்டை நான் படம் எடுத்ததில்லை. இங்கே படம் போடும் தம்பி தங்கைகளும் கூட்டை விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜனவரி 12

மைனாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். சரியான கேள்வி, ஏனென்றால் இந்த விஷயத்தில் நம்மூர்ப் பறவைதான் ஆஸ்திரேலியாவில் பாடப்புத்தகம் ஆகியிருக்கிறது.

1860களில் மெல்போர்னில் பூச்சி தின்னட்டும் என்று நம் மைனாவைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே அது ஒழிக்க முடியாத வந்தேறி. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா கிரிஃபினும் அவர் குழுவும், இது எப்படி இவ்வளவு தூரம் பரவியது என்ற கேள்வியோடு தொடங்கி, மைனாக்களுக்குத் தீனிப்பெட்டிப் புதிர்களைக் கொடுத்தார்கள். மூடியைத் தள்ளணும், இழுக்கணும், தூக்கணும், இப்படி. அங்கே ஜெயித்த மைனாவிடம் இருந்தது பலவிதமாக முயலும் பழக்கம். கொத்திப் பார்க்கும், நெம்பிப் பார்க்கும், அலகை உள்ளே நுழைத்து விரித்துப் பார்க்கும். மைனா அலகை விரிப்பதைப் புல்தரையில் கவனித்தவர்களுக்குத் தெரியும், புல்லுக்குள் மூடிய அலகைச் செருகிப் பிளந்து புழு தேடும். பிழைப்பு கற்றுக்கொடுத்த அசைவே புதிரிலும் உதவுகிறது.

அந்தக் குழு 2013இல் சொன்ன இன்னொரு விஷயத்துக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன். புதிரைச் சீக்கிரம் அவிழ்த்த மைனாக்கள் "இந்த நிறத்தில் தீனி, அந்த நிறத்தில் இல்லை" என்பதையும் சீக்கிரம் கற்றன. பிறகு நிறத்தை மாற்றி வைத்தார்கள். இப்போது தடுமாறியதும் அதே மைனாக்கள்தான். மெதுவாகக் கற்றவை மாற்றத்தைச் சுலபமாக ஏற்றுக்கொண்டன.

இதைப் படித்த கையோடு 1994இல் நெதர்லாந்தில் வந்த பழைய கட்டுரையை எடுத்துப் பாருங்கள். வேகக்காரப் பட்டாணிக்குருவிகள் தீனி இருந்த இடத்தை மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தன. கனடாவில் கருந்தொப்பிச் சிக்கடீ என்ற குருவியிடமும் இதே கதை. எந்த ஒலிக்குத் தீனி வரும் என்பதை வேகக்காரர்கள் முதலில் சீக்கிரம் கற்றார்கள் (2009), விதியை மாற்றியதும் நிதானக்காரர்கள் முந்தினார்கள் (2011). மூன்று நாடு, மூன்று பறவை. "கெட்டிக்காரப் பறவை எது" என்று நாம் கேட்பதே அரைக் கேள்வி. எந்த நாளில் என்று சேர்த்துக் கேட்கணும். நேற்றைப் போலவே இன்றும் இருக்கும் ஊரில் வேகக்காரனுக்கு வாழ்வு. இடம் மாறிக்கொண்டே இருந்தால் நிதானக்காரன்.

ஜனவரி 12, இரவு

மேலே "மூன்று நாடு, மூன்று பறவை" என்று அடித்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். மைனா ஆய்வில் பிரித்தது புதிர் அவிழ்க்கும் வேகத்தை வைத்து, மற்ற இரண்டிலும் இடத்தைச் சுற்றும் வேகத்தை வைத்து. இரண்டும் ஒன்றல்ல. வைட்டம் ஆய்வே அதைத்தானே காட்டியது? ஒரே பக்கம் சாய்கிற மாதிரி இருப்பதால் ஒன்றாகக் கட்டிவிட்டேன். படிப்பவர்கள் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்திப் படிக்கவும்.

ஜனவரி 13

கிளி ஜோசியக் கிளி சீட்டு எடுப்பது புதிர் அவிழ்ப்பதுதானா? இல்லை. அது பழக்கியது. கூண்டைத் திறந்தால் வெளியே வருவதும், சீட்டை இழுத்துப் போடுவதும், ஒரு நெல்லுக்காகத் திரும்ப உள்ளே போவதும் நூறு முறை செய்த வேலை. யாரும் காட்டிக்கொடுக்காமல் முதன்முறையாக ஒன்றைச் செய்வதுதான் இங்கே பேச்சு. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நெல்லுக்காகக் கூண்டுக்குள் திரும்பிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும்.

ஜனவரி 16

இன்று காலை எங்கள் வீட்டில் கனுப்பிடி வைத்தார்கள். மஞ்சள் இலையில் வெள்ளைச் சாதம், மஞ்சள் சாதம், குங்குமம் கலந்த சிவப்புச் சாதம், தயிர்சாதம், கரும்புத் துண்டு. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் இந்த நிறத்தில் சோறு! இந்த இழை மனசில் ஓடிக்கொண்டிருந்ததால் நோட்டுப் புத்தகத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து காகங்கள். எங்கள் வீட்டுத் துணிச்சல்காரிக்கு (வலது இறக்கையில் ஓர் இறகு பிளந்திருக்கும், அதனால் அடையாளம் தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது, நாங்கள் அப்படிக் கூப்பிடுகிறோம்) நான் இருந்தது பொருட்டே இல்லை. நேராக வந்து இலை முன்னால் நின்றாள். நின்றவள் நின்றபடி. தலையைச் சாய்த்துச் சிவப்பு உருண்டையைப் பார்த்தாள், இரண்டு தத்து பின்னால் போனாள், தயிர்சாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிவப்பை முதலில் தொட்டது மதில்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு காகம். அதுவும் நான் எழுந்து உள்ளே போன பிறகுதான், ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மனுஷனுக்குப் பயப்படாதது வேறு, புதுப் பொருளுக்குப் பயப்படாதது வேறு. நான் இரண்டையும் "துணிச்சல்" என்ற ஒரே சொல்லில் போட்டு எழுதிவந்திருக்கிறேன். முதல் நாள் பதிலில் தொடங்கியே இந்தத் தப்பு இருக்கிறது.

ஜனவரி 17

நேற்று எழுதியதற்குப் பொருத்தமாக ஒன்று. கரீபியன் தீவு பார்படோசில் ஒரு சின்னப் பறவை, பார்படோஸ் புல்ஃபிஞ்ச். ஓட்டல் மேசைகளில் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துத் தின்பதற்குப் பேர்போனது. மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆட்கள் நகரத்துப் புல்ஃபிஞ்சையும் நாட்டுப்புறப் புல்ஃபிஞ்சையும் ஒப்பிட்டு 2016இல் எழுதினார்கள். நகரத்துப் பறவைகள் புதிர்களில் தேர்ந்தவை, மனிதர் பக்கத்தில் இருந்தால் பதறாதவை. ஆனால் புதுப் பொருளைக் கண்டால் நாட்டுப்புறத்துப் பறவைகளைவிட அதிகம் தயங்கின. நிறத்தைப் பார்த்துக் கற்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அங்கேயும் ஒரே பறவைக்குள் துணிச்சலும் தயக்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

ஜனவரி 18

"பசிதானே காரணம்? பசித்தவன் திறப்பான், வயிறு நிறைந்தவன் போய்விடுவான்" என்று ஒருவர் ஒரே வரியில் இழையையே முடிக்கப் பார்த்திருக்கிறார். சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. இங்கிலாந்தில் பண்ணைக்கோழி மாதிரி வளர்த்த ஃபெசன்ட் (கோழி இனப் பறவை) குஞ்சுகளிடம் 2016இல் பார்த்தார்கள். புதிரில் எது ஜெயிக்கும் என்பதை ஆர்வமும் விடாமுயற்சியும் சொல்லின. கற்கும் திறன் சொல்லவில்லை. எவ்வளவு சீக்கிரம் பெட்டியிடம் வந்தது, எத்தனை முறை கொத்தியது, அதுதான் கணக்கு.

அப்படியானால் இத்தனை வருடம் "புதிர் அவிழ்த்தது" என்று எழுதியதெல்லாம் மூளையைப் பற்றித்தானா, பிடிவாதத்தைப் பற்றியா? யோசித்தால், பிடிவாதமும் ஒரு குணம்தான். குணத்தை ஒரு தட்டிலும் மூளையை ஒரு தட்டிலும் வைத்து "இவற்றுக்குள் என்ன தொடர்பு" என்று கேட்கிறோம். ஆனால் மூளை என்று வைத்த தட்டில் பாதி குணமே உட்கார்ந்திருக்கிறது. இதை எப்படிப் பிரிப்பது என்று நான் மூன்று நாளாக யோசிக்கிறேன். பெட்டியை எத்தனை முறை தொட்டது என்பதைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஒரே புதிரைக் கொடுக்காமல் நாலைந்து விதமான புதிர்களைக் கொடுப்பது இன்னொரு வழி.

ஜனவரி 18, பிற்பகல்

எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் என்ன வரும் என்று கேட்ட தம்பிக்கு: 2018இல் டோஹர்ட்டி, கியெட் இருவரும் அதைச் செய்தார்கள். பறவை மட்டுமல்ல, மற்ற விலங்குகளும் சேர்த்து. குணத்துக்கும் கற்றலுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் திசை நிலையில்லை. சில இடத்தில் வேகக்காரர் முன்னால், சில இடத்தில் பின்னால், கூட்டிக் கழித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். இதைத் "தொடர்பே இல்லை" என்று படிக்கக் கூடாது. இடது பக்கம் பத்துப் பேர், வலது பக்கம் பத்துப் பேர் கயிறு இழுத்தால் கயிறு நடுவில் நிற்கும். யாரும் இழுக்கவில்லை என்று ஆகாது.

ஜனவரி 20

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாம் இதுவரை ஒற்றைப் பறவையாகவே பேசினோம். சிட்டுக்குருவிகளை இரண்டிரண்டாகவும் ஆறாறாகவும் பிரித்துப் புதிர் கொடுத்தார்கள், ஹங்கேரியில், 2009இல். ஆறு பேர் இருந்த கூட்டம்தான் ஜெயித்தது. நிறையப் பேர் இருந்தால் விதவிதமான குணம் இருக்கும், அதில் ஒன்றுக்காவது அன்றைய புதிர் வசப்படும் என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. எனக்குப் பிடித்த விளக்கமும் அதுதான்.

ஒன்று திறந்துவிட்டால் பிறகு பரவுவதற்கு எல்லாரும் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. 1921இல் சவுத்தாம்ப்டன் பக்கத்தில் வாசலில் வைத்த பால் புட்டியின் மூடியைக் குருவி கிழித்துப் பாலாடை தின்றது பதிவானது. 1949க்குள் அது பிரிட்டனில் பல இடங்களிலும் காணக்கூடிய காட்சி. வைட்டம் காட்டில் லூசி ஆப்ளின் குழு இதை வேண்டுமென்றே செய்து பார்த்து 2015இல் வெளியிட்டது. கதவை ஒரு பக்கம் தள்ளினால் புழு கிடைக்கும் பெட்டி. எந்தப் பக்கம் தள்ளினாலும் கிடைக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலும் இரண்டே குருவிகளுக்கு ஒரு பக்கத்தை மட்டும் கற்றுக்கொடுத்துத் திரும்ப விட்டார்கள். இருபது நாளில் அந்த வட்டாரக் குருவிகளில் சராசரியாக முக்கால்வாசி கற்றுக்கொண்டன, மொத்தம் 414 குருவிகள். இடப்பக்கம் கற்ற வட்டாரம் இடப்பக்கமே தள்ளியது, வலப்பக்கம் கற்றது வலப்பக்கமே.

ஜனவரி 21 (முதலில் கேட்ட வாசகர்)

அண்ணா, மூடியை மறுபடி வச்சேன். இந்தத் தடவை தைரியக்காரனே புரட்டிட்டான். தொட்டிக்காரன் வரவேயில்ல. எல்லாம் குழம்பிடுச்சு.

ஜனவரி 21, இரவு

குழம்பவில்லை தம்பி. முதல் முறை தொட்டிக் காகம் புரட்டியதைத் தைரியக்காரன் பார்த்துக்கொண்டிருந்தானா? அதை எழுதவில்லையே நீங்கள். பார்த்திருந்தால் இது ஜனவரி 20 கதை. பார்க்கவில்லை என்றால் இரண்டாம் தடவை அதே மூடி அவனுக்குப் புதுப் பொருள் இல்லை, பயம் தெளிந்திருக்கும்.

இனி இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு காகத்துக்கும் ஓர் அடையாளம் எழுதி வையுங்கள், இறகுப் பிளவு, கால் நகம், அலகுக் கீறல், எதுவானாலும். சோறு வைத்த நேரம், ஒவ்வொன்றும் இறங்கிய நேரம், மூடியைத் தொட்ட தடவைகள். நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு நாள், உள்ளேயிருந்து ஒரு நாள். மூடி எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டாம், டப்பா மூடி, கொட்டாங்குச்சி, தேக்கிலை. அலகு மாட்டிக்கொள்ளும் எதையும் வைக்காதீர்கள், நூல் கயிறு வேண்டவே வேண்டாம். வராத நாளையும் எழுதுங்கள். வராததைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், அதனால் கூச்சக்காரப் பறவைகள் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஜனவரி 24

நான் என் மாடியில் தொடங்கிவிட்டேன். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அடியில் ஊறவைத்த பொரிகடலை. மூன்று நாள் குறிப்பு:

22: இறகு பிளந்தவள் வந்த உடனே இரண்டு கொத்து, போய்விட்டாள். தவிட்டுக்குருவிகள் ஏழு, சத்தம் போட்டதோடு சரி.

23: அணில் உருட்டிவிட்டுத் தின்றது. பறவைகளுக்கு மிச்சம் இல்லை.

24: மைனா ஜோடி. ஒன்று கொட்டாங்குச்சிக்கும் தரைக்கும் நடுவில் அலகைச் செருகி விரித்தது. கொட்டாங்குச்சி ஒரு விரல் உயரம் எழும்பி மறுபடி விழுந்தது. எட்டு முறை. ஒன்பதாவது முறை முயலும்போது பக்கத்து மாடியில் யாரோ துணி உதற, இரண்டும் பறந்துவிட்டன. ஜோடியில் மற்றது இவ்வளவு நேரமும் கைப்பிடிச் சுவரில் அசையாமல் உட்கார்ந்து கொட்டாங்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் கண்ணுக்குக் கீழே மஞ்சள் தோல் வெளிறியிருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறேன், நாளை எது இறங்குகிறது என்று பார்க்கணும்.